ஒரு மாலை, ஐந்து படையெடுப்புகள்: எதைத் திரையிடுவது?

எங்கள் திரைப்பட வட்டத்தின் அடுத்த திரையிடலுக்குத் தொண்ணூறுகளின் ஆங்கில அறிவியல் புனைவுப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் பூமியைக் கைப்பற்ற வரும் கதையாக இருக்க வேண்டும், சிறிய செலவில் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பவை உறுப்பினர்கள் சொன்ன இரண்டு நிபந்தனைகள். ஒரு மாலை, ஒரு படம், அதன்பின் ஒரு மணி நேரப் பேச்சு என்பது எங்கள் வழக்கம். பார்க்க வருபவர்களில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களும் உண்டு, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் உண்டு. இவர்கள் எல்லாரையும் ஒரே அறையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, முடிந்த பிறகும் எழுந்து போகவிடாமல் பேசவைக்கும் படம் எது என்பதே கேள்வி. ஐந்து படங்களைப் பட்டியலிட்டு, இரண்டு வாரங்களில் ஐந்தையும் மீண்டும் பார்த்து முடித்தேன். 1990-இல் வந்த 'ஐ கம் இன் பீஸ்', 1993-இன் 'பாடி ஸ்நாட்சர்ஸ்', 1994-இன் 'தி பப்பெட் மாஸ்டர்ஸ்', 1996-இன் 'தி அரைவல்', 1998-இன் 'தி ஃபேக்கல்டி' ஆகியவையே அவை. கதைகளைத் தொட்டுப் பேசாமல் ஒப்பிட முடியாது என்பதால் சில திருப்பங்கள் இங்கே வெளிப்படும். இறுதிக் காட்சிகளின் முடிச்சுகளை மட்டும் அவிழ்க்காமல் விடுகிறேன்.

குறைந்த செலவு என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 1996 ஜூலையில் வெளியான, இதே போன்ற படையெடுப்புக் கதையைப் பெரிய அளவில் சொன்ன 'இன்டிபென்டென்ஸ் டே' படத்துக்கு 7.5 கோடி டாலர் செலவானது. அது உலகெங்கும் 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 2.5 கோடி டாலரில் முடிந்த 'தி அரைவல்' சிறிய படம், 1.5 கோடி டாலரில் முடிந்த 'தி ஃபேக்கல்டி' இன்னும் சிறியது. நகரத்தின் மேல் நகரம் அளவுக்குக் கப்பலை நிறுத்தவும், வெள்ளை மாளிகையின் மாதிரியைக் கட்டி வெடிக்கவைக்கவும் பணம் இருக்கும் இயக்குநர், எதிரியை வானத்தில் வைத்துக் காட்டிவிடலாம். பணம் இல்லாதவர் அந்த எதிரியை எங்காவது ஒளித்துவைத்தாக வேண்டும். மனித உடலுக்குள், பக்கத்து வீட்டில், பள்ளிக்கூடத்தில், ராணுவ முகாமில், மின் நிலையத்துக்கு அடியில் என்று இந்த ஐந்து படங்களும் ஒளித்துவைத்திருக்கின்றன. அந்த ஒளிவிடம் செலவைக் குறைக்கும் உபாயமாக மட்டும் நிற்கிறதா, கதையின் கருத்தாகவே மாறிவிடுகிறதா என்பதைத்தான் நான் முதன்மை அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். வருகிறவனுக்கு இங்கிருந்து என்ன வேண்டும் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே வருகிறது. அவன் தேவை தெளிவாக இருந்தால் படமும் தெளிவாக இருக்கிறது என்பதை ஐந்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது உணர்ந்தேன்.

'தி பப்பெட் மாஸ்டர்ஸ்' படத்தை நான் விரைவிலேயே விலக்கிவிட்டேன். ராபர்ட் ஹைன்லைன் 1951-இல் எழுதிய நாவலைத் தழுவியது அது. முதுகில் ஒட்டிக்கொண்டு நரம்பு வழியாக மனிதனை ஆட்டிவைக்கும் ஒட்டுண்ணிகள் அயோவா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் இறங்குகின்றன, அரசின் ரகசியப் பிரிவு ஒன்று அவற்றை எதிர்க்கிறது. டொனால்ட் சதர்லேண்ட் அந்தப் பிரிவின் தலைவராக வருகிறார். 1978-இன் 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்' படத்திலும் இதே போன்ற படையெடுப்பை எதிர்த்தவர் அவர்தான் என்பதால் அவர் முகத்தைப் பார்க்கும்போதே பழைய அச்சம் ஒன்று திரும்பி வருகிறது. மூல நாவலில், முதுகில் ஒட்டுண்ணி இல்லை என்பதை நிரூபிக்க நாட்டு மக்கள் எல்லாரும் மேலாடை இல்லாமல் நடமாட வேண்டும் என்று அரசே ஆணையிடும். சந்தேகம் ஒரு சமூகத்தின் அன்றாடப் பழக்கத்தை எப்படிப் புரட்டிப்போடும் என்பதைக் காட்டும் அற்புதமான கற்பனை அது. படம் அதை அந்த அளவுக்கு எடுத்துச் செல்லவில்லை. துரத்தல், மீட்பு, மருத்துவமனைக் காட்சி, மறுபடி துரத்தல் என்று பழகிய தடத்திலேயே ஓடுகிறது. திரைக்கதையில் பெயர் உள்ள டெட் எலியட், டெர்ரி ரோசியோ இருவரும் பின்னாளில் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' எழுதியவர்கள், மூன்றாமவரான டேவிட் கோயர் 'பிளேட்' எழுதியவர். இத்தனை திறமை சேர்ந்தும் படம் மனத்தில் நிற்கவில்லை. ஒட்டுண்ணிகளுக்கு நம் உடல்கள் வேண்டும் என்பதைத் தாண்டி எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

'தி ஃபேக்கல்டி'யை விலக்குவது இவ்வளவு எளிதாக இல்லை, ஏனென்றால் மாணவர்கள் இதைத்தான் விரும்புவார்கள். 7,000 டாலரில் 'எல் மரியாச்சி'யை எடுத்துக் காட்டிய ராபர்ட் ரோட்ரிகஸ் இயக்கியது, 'ஸ்க்ரீம்' எழுதிய கெவின் வில்லியம்சன் திரைக்கதை அமைத்தது. ஓஹையோ மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக மாறிப்போகிறார்கள். எலைஜா வுட், ஜோஷ் ஹார்ட்னெட், கிளியா டுவால் முதலியோர் நடித்த மாணவர் கூட்டம் ஒன்று அதைக் கண்டுபிடிக்கிறது. வளரிளம் பருவத்தில் ஆசிரியர்கள் எல்லாரும் வேறு கிரகத்தவர்களாகத் தெரிவதும், கூட்டத்தோடு ஒத்துப்போவதில் ஒரு சுகம் இருப்பதும் உண்மையான உணர்வுகள். அவற்றைப் படம் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒளிவிடமும் கருத்தும் ஒன்றாகும் இடம் இங்கே உண்டு. ஆயினும் இரண்டு காரணங்களுக்காக இதை ஒதுக்குகிறேன். பாத்திரங்களே 'பாடி ஸ்நாட்சர்ஸ்' மூலக்கதையை எழுதிய ஜாக் ஃபின்னியையும் ஹைன்லைனையும் பற்றிப் பேசி, யாருடைய கதை யாருடையதிலிருந்து வந்தது என்று வாதிடுகின்றன. முன்னோடிக் கதைகளை அறியாதவர்களுக்கு அந்த விளையாட்டின் பாதிச் சுவை போய்விடும். இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. யார் மனிதர், யார் அல்லர் என்பதைச் சோதிக்க, மாணவர் ஒருவர் வீட்டில் தயாரித்து விற்கும் போதைப் பொடியை ஒவ்வொருவரும் மூக்கால் உறிஞ்சிக் காட்ட வேண்டும் என்பது கதையின் மையக் காட்சி. உறிஞ்சியவர் மனிதர், மறுப்பவர் சந்தேகத்துக்குரியவர். இதைப் பெரியவர்கள் கதையின் நகைமுரணாக எடுத்துக்கொள்ளலாம். பதினாறு வயதுப் பிள்ளைகளை அழைத்து உட்காரவைத்து, அவர்களுடைய பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கும் நான் அதைத் திரையிட மாட்டேன்.

'ஐ கம் இன் பீஸ்' மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவுக்கு வெளியே 'டார்க் ஏஞ்சல்' என்ற பெயரில் வந்த படம் இது. தேடுபவர்கள் இதே பெயரில் 2000-இல் வந்த தொலைக்காட்சித் தொடரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இயக்குநர் கிரெய்க் பாக்ஸ்லி சண்டைப் பயிற்சியாளராகத் தொழிலில் வளர்ந்தவர். ஹூஸ்டன் நகரத் தெருக்களில் கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கும் கதை. காவல் துப்பறிவாளர் ஜாக் கெய்னாக டால்ஃப் லண்ட்கிரனும், விதிப்புத்தகத்தை விட்டு விலகாத எஃப்பிஐ அதிகாரியாக பிரையன் பென்பனும் வருகிறார்கள். இவர்கள் துரத்தும் வேற்றுக்கிரகவாசிக்கு நம் நாடும் வேண்டாம், நிலமும் வேண்டாம். அவன் ஒரு போதைப்பொருள் வியாபாரி. ஹெராயினை மனிதர்களுக்கு ஏற்றி, அப்போது மூளையில் சுரக்கும், சுகம் தரும் எண்டார்ஃபின் என்ற பொருளை உறிஞ்சிக் குப்பிகளில் அடைத்துத் தன் உலகத்தில் விற்க வந்திருக்கிறான். அவன் இந்தச் சரக்கோடு ஊர் திரும்பிவிட்டால், அவனைப் போல ஆயிரக்கணக்கானோர் நம்மை அறுவடை செய்ய வந்துவிடுவார்கள் என்பதுதான் படத்தின் அபாயம். படையெடுப்பு என்பதைச் சந்தையைத் தேடி முதலில் வரும் தனி வியாபாரியாகக் கற்பனை செய்தது மிகவும் புத்திசாலித்தனமானது. உலகத்தில் பல படையெடுப்புகள் உண்மையில் அப்படித்தானே தொடங்கியிருக்கின்றன. இந்தத் திரைக்கதையில் புனைபெயரில் பங்கெடுத்தவர் டேவிட் கெப். மூன்றே ஆண்டுகளில் அவர் 'ஜுராசிக் பார்க்' திரைக்கதையிலும், 2005-இல் ஸ்பீல்பெர்க்கின் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' திரைக்கதையிலும் தன் சொந்தப் பெயரோடு நின்றார்.

இப்படத்தில் அருகிலிருந்து கவனிக்க வேண்டியது அந்த வட்டு. இசைத்தட்டைப் போன்ற மெல்லிய, பளபளப்பான வட்டு ஒன்று எதிரியின் கருவியிலிருந்து சுழன்று புறப்பட்டு, அறையின் சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி, மனித உடல்களைத் தானே தேடிச் சென்று அறுக்கிறது. குறுந்தகடு வீடுகளுக்குள் புதிதாக நுழைந்துகொண்டிருந்த காலத்தில் அதையே கொலைக்கருவியாக்கிய துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது. கார்கள் வெடிப்பதும் கண்ணாடி நொறுங்குவதும் கணினியில் உருவானவை அல்ல. தீயின் சூடு திரையைத் தாண்டி வருவதுபோல இருக்கிறது. ஆனால் படத்தின் அறிவியலைக் கேள்வி கேட்டால் உடனே ஆட்டம் காண்கிறது. எண்டார்ஃபின் என்பது உடல் தனக்குள்ளேயே தயாரிக்கும் மார்ஃபின் போன்ற பொருள். ஹெராயினோ அந்தப் பொருள் அமர வேண்டிய நரம்பணு ஏற்பிகளில் தானே போய் அமர்ந்துகொள்கிறது, அதனால் எண்டார்ஃபினைச் சுரக்கவைக்க அதற்குத் தேவையே இல்லை. மேலும் தொண்ணூறு நிமிடங்களில் ஊசியும் ரத்தமும் வசவுச் சொல்லும் ஏராளம். சண்டைப் படங்களை மட்டும் விரும்பும் நண்பர்கள் கூடும் இரவுக்கு ஐந்தில் இதுவே முதல் தேர்வு என்று தயங்காமல் சொல்வேன். எங்கள் கூட்டத்துக்குப் பொருந்தாது.

ஆக, உண்மையான போட்டி 'பாடி ஸ்நாட்சர்ஸ்', 'தி அரைவல்' இரண்டுக்கும் இடையில்தான். பல நாட்கள் என்னால் முடிவெடுக்க முடியாமல் போனதும் இங்கேதான்.

ஜாக் ஃபின்னியின் கதை 1954-இல் 'காலியர்ஸ்' இதழில் தொடராக வந்து, மறு ஆண்டு நூலானது. 1956-இல் டான் சீகலும் 1978-இல் ஃபிலிப் காஃப்மனும் அதைப் படமாக்கினார்கள். விதைக்காய்களிலிருந்து நம்மைப் போலவே உருவங்கள் முளைத்து, நாம் தூங்கும்போது நம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உணர்ச்சி மட்டும் இருக்காது. மூன்றாவதாக இதை எடுத்தவர் நியூயார்க்கின் இருண்ட தெருக்களைப் படமாக்கிப் பெயர் பெற்ற ஏபெல் ஃபெராரா. முந்தைய இரண்டு படங்களும் சிற்றூரிலும் பெருநகரிலும் நடந்தன. ஃபெராரா கதையை அலபாமா மாநிலத்து ராணுவ முகாமுக்குள் கொண்டுபோனார். படப்பிடிப்புக்குக் கிடைத்தது செல்மா நகரில் 1977-இல் மூடப்பட்ட கிரெய்க் விமானப்படைத் தளம். கைவிடப்பட்ட இடம் என்பதால் செலவு மிச்சமாகியிருக்கும். ஆனால் அங்கே கிடைத்த லாபம் பணம் மட்டுமல்ல. எல்லாரும் ஒரே சீருடை அணிந்து, ஒரே அடி வைத்து, உணர்ச்சி காட்டாமல் கட்டளைக்குப் பணியும் இடத்தில், மாறிப்போனவன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படையெடுப்பு தொடங்கும் முன்பே முகாமில் பாதி வேலை முடிந்துவிட்டது போல இருக்கிறது. ஒளிவிடம் கருத்தாக மாறுவது என்று நான் சொன்னதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இந்த ஐந்தில் இல்லை.

முகாமின் ரசாயனக் கிடங்குகளைச் சோதிக்க வரும் சுற்றுச்சூழல் அதிகாரியின் குடும்பம் கதையின் மையம். மகள் மார்ட்டியாக கேப்ரியல் அன்வர், சிற்றன்னை கேரலாக மெக் டில்லி, சின்னத் தம்பி ஆண்டி. தாயின் இடத்துக்கு வந்தவளை ஏற்றுக்கொள்ள முடியாத பெண்ணுக்கு, அந்தச் சிற்றன்னை உண்மையிலேயே வேறு ஒருத்தியாக மாறிப்போவது நடக்கிறது. வீட்டுக்குள் இருந்த பழைய மனவருத்தம் ஒன்று உருவெடுத்து நடமாடுகிறது. இதில் ஒரு சிறு காட்சியை மூன்று முறை நிறுத்திப் பார்த்தேன். குழந்தைகள் காப்பகத்தில் ஆண்டிக்கு முதல் நாள். எல்லாரும் விரலால் வண்ணம் தீட்டி முடித்ததும் ஆசிரியை படங்களைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார். ஒவ்வொரு பிள்ளையாகத் தாளைத் தூக்குகிறது. எல்லாத் தாள்களிலும் அச்சில் வார்த்ததுபோல ஒரே ஓவியம், அதே வடிவம், அதே வண்ணம். ஆண்டியின் தாளில் மட்டும் ஒரு குழந்தை கிறுக்கும் கிறுக்கல். கத்தல் இல்லை, ரத்தம் இல்லை, வண்ணச் செலவைத் தவிர வேறு செலவும் இல்லை. அவன் அந்த முகங்களைத் திரும்பிப் பார்க்கும்போது நம் வயிற்றில் ஏதோ நழுவுகிறது. பிறகு எல்லாரையும் தூங்கச் சொல்கிறார்கள். தூங்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், அவனுக்கு இன்னும் தெரியாது.

மெக் டில்லி இப்படத்தில் செய்திருப்பது பெரிய நடிப்பு. எங்கே ஓடப் போகிறீர்கள், எங்கே ஒளியப் போகிறீர்கள், உங்களைப் போன்ற ஒருவரும் மீதி இல்லையே என்று கணவனிடம் அவர் தணிந்த குரலில் பேசும் இடம், மிரட்டலைத் தாலாட்டுப் போலச் சொல்வது எப்படி என்று கற்றுத்தருகிறது. தூக்கத்தைத் துரத்த மாத்திரைகளை விழுங்கி விழுங்கி நிலைகுலைந்த ராணுவ மருத்துவராக ஃபாரஸ்ட் விட்டேகர் சில நிமிடங்களே வருகிறார், மறக்க முடியாது. போயான் பசெல்லியின் ஒளிப்பதிவு அகலத்திரையில் நிழல்களை வைத்தே முகாம் முழுவதையும் கட்டுகிறது. 1993-இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குத் தேர்வான படம் இது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் முழு நான்கு நட்சத்திரங்கள் அளித்தார். அப்படியிருந்தும் தயாரித்த நிறுவனம் இதை மிகச் சில அரங்குகளில் மட்டுமே வெளியிட்டது, அமெரிக்காவில் அதன் வசூல் 5 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. நல்ல படம் ஒன்று பார்வையாளரைச் சந்திக்காமலே போனதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்களைப் போன்ற சிறிய வட்டங்கள் இருப்பதே இத்தகைய படங்களுக்காகத்தான் என்றும் தோன்றுகிறது. 87 நிமிடங்கள் மட்டுமே ஓடுவதும் திரையிடலுக்கு வசதி.

கலையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வதானால் பேச்சை இங்கேயே நிறுத்திவிட்டு இதையே அறிவித்திருப்பேன். ஆனால் நிர்வாணக் காட்சிகளும் உடல் சிதையும் காட்சிகளும் இதில் வெட்ட முடியாதபடி கதையோடு கலந்திருக்கின்றன. வெட்டித் திரையிடுவது எங்கள் வழக்கமும் இல்லை. இன்னொன்றையும் யோசித்தேன். இப்படத்தின் படையெடுப்பாளர்களுக்கு வேண்டியது தங்கள் இனம் தழைப்பது மட்டுமே. அதனால் படம் முடிந்ததும் எழும் பேச்சு, தனிமனிதர் கூட்டத்தில் கரைவது என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வரும். ஆழமான கேள்விதான், 1956 முதல் கேட்கப்பட்டுவரும் கேள்வியும் அதுதான்.

'தி அரைவல்' வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. அதன் முதல் காட்சியை விவரிக்காமல் இந்த ஒப்பீட்டை முடிக்க முடியாது. பசும்புல்லும் பூக்களும் நிறைந்த வெளியில் ஒரு பெண் குனிந்து பூவை முகர்ந்து பார்க்கிறாள். கேமரா மெல்ல மேலே எழுகிறது. இன்னும் எழுகிறது. அந்தப் பசுமை ஒரு சிறு திட்டாகச் சுருங்க, சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆர்க்டிக் பனி. ஒரே நகர்வில், ஒரு சொல் கூட இல்லாமல், உலகத்தில் ஏதோ தவறாகிவிட்டது என்று படம் சொல்லிவிடுகிறது. லிண்ட்சே க்ரௌஸ் நடித்த அந்தப் பெண் காலநிலை ஆய்வாளர். கதையின் நாயகன் சார்லி ஷீன் நடித்த ஸேன், வானிலிருந்து வரும் வானொலிச் சமிக்ஞைகளைக் கேட்கும் வானியலாளர். ஓர் இரவு இயற்கையில் உண்டாக முடியாத சமிக்ஞை ஒன்று அவருக்குக் கிடைக்கிறது. ஒலிநாடாவோடு மேலதிகாரியிடம் போகிறார். பணம் இல்லை என்று சொல்லி அவரை வேலையிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். ரான் சில்வர் அந்த மேலதிகாரியாக வருகிறார்.

பணம் இல்லை என்ற அந்தச் சாக்கு அன்றைய அமெரிக்கப் பார்வையாளருக்குப் புதிதல்ல. வேற்றுலக அறிவைத் தேடும் நாசாவின் வானொலி ஆய்வு 1992 அக்டோபர் 12 அன்று தொடங்கியது, மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கான நிதியை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பு 1977 ஆகஸ்டில் ஓஹையோவின் பிக் இயர் வானொலித் தொலைநோக்கியில் 72 நொடிகள் நீடித்த வலுவான சமிக்ஞை ஒன்று பதிவாகி, மறுபடி ஒருபோதும் கேட்காமல் போனதும் உண்டு. ஒரே முறை கேட்ட குரலை மறுமுறை கேட்கச் செய்ய முடியாத ஆய்வாளரின் தவிப்பு, கற்பனை செய்து சேர்த்த தவிப்பு அல்ல. படத்தை எழுதி இயக்கிய டேவிட் டூஹி, 'தி ஃப்யூஜிட்டிவ்' திரைக்கதையில் பங்காற்றியவர், பின்னர் 'பிட்ச் பிளாக்' எடுத்தவர். தன் தொழிலில் கெட்டிக்காரனான ஒருவனை எல்லாக் கதவுகளும் மூடிய நிலையில் நிறுத்தி, கையில் இருப்பதை வைத்தே அவனைச் செயல்படவைப்பதில் அவருக்குத் தனித் தேர்ச்சி உண்டு.

வேலை போன ஸேன் என்ன செய்கிறார் என்பதுதான் இப்படத்தை எனக்கு நெருக்கமாக்கியது. தொலைக்காட்சி டிஷ் ஆன்டெனா பொருத்தும் வேலையில் சேருகிறார். வீடு வீடாகக் கூரை ஏறிப் பொருத்துகிறார், பழுது பார்க்கிறார். அப்படியே ஒவ்வொரு டிஷ்ஷையும் தன் வீட்டுப் பரணிலிருந்து திருப்பக் கூடிய விதத்தில் இணைத்துவிடுகிறார். ஓர் இரவு அந்தக் குடியிருப்பின் கூரைகளில் உள்ள டிஷ்கள் எல்லாம் உரிமையாளர்கள் அறியாமலே ஒரே திசைக்குத் திரும்புகின்றன. இதன் அடிப்படைத் தத்துவம் உண்மையானது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 25 மீட்டர் விட்டமுள்ள 27 ஆன்டெனாக்களை இணைத்து ஒரே கருவியைப் போல இயக்குகிறார்கள். அதே சமயம் படம் இங்கே தவறும் செய்கிறது. சமிக்ஞை எஃப்எம் அலைவரிசையில் வருவதாகக் கதை சொல்கிறது. எஃப்எம் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். வீட்டுக் கூரையில் வைக்கும் டிஷ் அந்த அலைக்கு மிகச் சிறியது. அதனால் அதைக் குவிக்கவோ திசையைப் பிரித்தறியவோ ஏறக்குறைய முடியாது. வேற்றுலகத் தேடலில் வழக்கமாகக் கேட்கும், அலைநீளம் மிகக் குறைவான 1,420 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் கதை வைத்திருந்தால் இந்தச் சிக்கல் குறைந்திருக்கும். ஆனால் எஃப்எம் என்று வைத்ததற்குக் காரணம் கதையில் இருக்கிறது. மெக்சிகோவின் வானொலி நிலையம் ஒன்றின் ஒலிபரப்புக்குப் பின்னால் அந்தச் சமிக்ஞை ஒளிந்திருக்கிறது, அது வானத்திலிருந்து மட்டும் வரவில்லை, பூமியிலிருந்தும் புறப்படுகிறது. இயற்பியலில் சறுக்கிய இடத்திலேயே கதை ஒரு பெரிய அடி முன்னேறிவிடுகிறது. எங்கள் மாணவர்களில் இயற்பியல் படிப்பவர்கள் இந்தப் பிழையைக் கண்டுபிடித்தால் நான் மகிழ்வேன்.

மெக்சிகோவுக்குப் போகும் ஸேனும், பனிவெளியில் பூ கண்ட ஆய்வாளரும் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். அங்கே ஒரு மின் நிலையம் இருக்கிறது. அதற்கு அடியில் என்ன நடக்கிறது என்பதுதான் படத்தின் பெருங்கற்பனை. வந்தவர்கள் வெப்பத்தில் வாழப் பழகியவர்கள். போர் தொடுக்காமல், கரியமில வாயு போன்ற, புவியைச் சூடாக்கும் வாயுக்களை வெளியேற்றி, இந்தக் கிரகத்தைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் அகப்பட்டுக்கொண்ட ஒருவன் சொல்லும் நியாயம் என்னை நீண்ட நேரம் யோசிக்கவைத்தது. நீங்கள் தொடங்கிவைத்த வேலையைத்தான் நாங்கள் விரைவுபடுத்துகிறோம், உங்களுக்கு நூறு ஆண்டுகள் ஆகியிருக்கும், எங்களுக்குப் பத்து போதும் என்ற பொருளில் அவன் பேசுகிறான். இந்த ஐந்து படங்களில், வந்தவனுக்கு வேண்டியது எதுவோ அதை நாமே அவனுக்குத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லும் படம் இது ஒன்றுதான். காலநிலையில் மனிதரின் தாக்கம் புலப்படத் தொடங்கிவிட்டது என்று, காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. அறிஞர் குழுவான ஐபிசிசி தன் இரண்டாவது அறிக்கையில் எழுதியது 1995-இல். அந்த வாயுக்களைக் குறைப்பதற்கான கியோட்டோ உடன்படிக்கை 1997 டிசம்பரில். இரண்டுக்கும் நடுவில், 1996 மே 31 அன்று இப்படம் வெளியானது. அன்று காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 362 பங்கு இருந்தது. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. ஜூலைத் தொடக்கத்திலேயே வந்த 'இன்டிபென்டென்ஸ் டே'யின் பேரிரைச்சலில் இது கேட்காமல் போய், அமெரிக்காவில் 1.4 கோடி டாலர் அளவில் வசூல் நின்றுவிட்டது.

படத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வேற்றுக்கிரகவாசிகளை உருவத்தோடு காட்டும் கணினிக் காட்சிகள் முதுமையடைந்துவிட்டன. கால்களின் மூட்டு பின்புறமாக வளையும் அந்த ஒரு விவரம் மட்டும் இன்றும் கூசவைக்கிறது, ஏனென்றால் அதை முழு உருவம் இல்லாமலே, மனிதத் தோற்றத்தில் இருக்கும்போதே காட்டிவிடுகிறார்கள். சார்லி ஷீன் பல இடங்களில் தேவைக்கு மேல் பதறுகிறார். டெரி போலோ நடித்த காதலியின் பாத்திரம் கோபித்துக்கொள்வதற்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. மெக்சிகோ மக்களைப் பெரும்பாலும் சந்தேகத்துக்குரிய முகங்களாகவே காட்டுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. வந்தேறி யார் என்ற கேள்வியை அமெரிக்க எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும் பழக்கத்தைப் பற்றிக் கூட்டத்தில் பேசத்தான் வேண்டும். மறுபுறம், விடுதி அறையில் தேள்கள் வரும் காட்சியும், குளியல் தொட்டி தளம் தளமாக உடைத்துக்கொண்டு கீழே விழும் காட்சியும், அறையில் உள்ள எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும் கறுப்பு உருண்டையும், சிறிய பணத்தில் செய்யக்கூடிய பரபரப்புக்கு நல்ல பாடங்கள். ரத்தம் குறைவு, ஆபாசம் இல்லை. அமெரிக்கத் தரச்சான்றில் ஐந்தில் இதற்கு மட்டுமே பதின்மூன்று வயதுக்குக் குறைந்தோரின் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 வகை கிடைத்தது, மற்ற நான்கும் பதினேழு வயதுக்குக் குறைந்தோர் பெரியவர் துணையோடு மட்டுமே பார்க்கலாம் என்ற வகையில் வந்தவை.

எனவே அடுத்த திரையிடலுக்கு 'தி அரைவல்' என்று முடிவு செய்திருக்கிறேன். 'பாடி ஸ்நாட்சர்ஸ்' அதைவிடச் செறிவான சினிமா என்பதில் எனக்கு ஐயமில்லை. முழுமையில் ஓரிரு படிகள் தாழ்ந்த படத்தை, அது எழுப்பும் கேள்வி எங்கள் மாணவர்களின் எதிர்காலத்தோடு நேராகத் தொடர்புடையது என்பதற்காக மேலே வைக்கிறேன். இதை மறுக்கும் உறுப்பினர்கள் இருப்பார்கள், அவர்களுடைய வாதத்தைக் கேட்க விரும்புகிறேன்.

ஏற்பாட்டாளர்களுக்கு இரண்டு குறிப்புகள். 2016-இல் வந்த 'அரைவல்' முற்றிலும் வேறு படம், வட்டு வாங்குபவர் 1996 என்ற ஆண்டையும் சார்லி ஷீன் பெயரையும் பார்த்து வாங்க வேண்டும். முதல் காட்சியைத் தவறவிடுபவர் படத்தின் பாதியைத் தவறவிடுகிறார் என்பதால் ஆறரை மணிக்குக் கதவை மூடிவிட்டு விளக்கை அணைத்துவிடலாம், இடைவேளை வேண்டாம். 'பாடி ஸ்நாட்சர்ஸ்' படத்தை அதற்கு அடுத்த மாதம், பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் என்று அறிவித்து, இரவுக் காட்சியாக வைத்துக்கொள்வோம்.